மீன் கழுவத் தெரிந்த கைக்கு மீன் வளர்ப்பும் வரும்

(வட்டாரக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



மீன் வளர்ப்பு பற்றிப் பேசச் சொல்லியிருக்காங்க. நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சவள். ஆனாலும் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். சந்தையில மீன் வாங்கப் போனா, செவுளைத் தூக்கிப் பார்க்காம வாங்கிட்டு வந்த அக்கா இங்கே யாராவது இருக்கீங்களா? கையைத் தூக்குங்க பார்ப்போம். யாரும் இல்லை. செவுள் சிவப்பா இருந்தா நல்ல மீன், வெளுத்துப் பழுப்பேறி இருந்தா பழைய மீன். இதை நமக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரலை. அம்மா சொன்னாங்க, மாமியார் சொன்னாங்க. அந்தச் செவுளைப் பற்றித்தான் இன்றைக்குப் பெரும்பாலும் பேசப் போறேன். எங்கள் குழுவைக் கெடுக்க இருந்ததும் அதுதான், காப்பாற்றியதும் அதுதான்.

எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த பூமி. குழுவில் 12 பேர். ஊர்க் குட்டை ஒன்று, 50 சென்ட் இருக்கும், குத்தகைக்கு வந்தது. ஆடு, மாடு என்று எல்லாக் குழுவும் செய்யுது, நாம மீன் வளர்ப்போம் என்று பேசி, கூட்டமைப்பில் 60,000 ரூபாய் கடன் வாங்கினோம். குத்தகை எடுத்த அன்றைக்கே டீக்கடையில ஒரு பேச்சு கிளம்பினது: "பொம்பளைங்களுக்கு மீன் கழுவத்தானே தெரியும், வளர்க்கத் தெரியுமா?" அதைக் கேட்டுக் கோபம்தான் வந்தது. கோபத்துல செய்த வேலை எப்படி இருக்கும்? யாரையும் கேட்காமலே இறங்கிட்டோம்.

குட்டையில் ஏற்கெனவே கிடந்த மீனை எடுக்கவில்லை. வண்டியில் கொண்டுவந்த வியாபாரியிடம் 4,000 குஞ்சு வாங்கி விட்டோம். நிறைய விட்டால் நிறைய வரும் என்பது எங்கள் கணக்கு. சாணி போட்டால் மீன் வளரும் என்று யாரோ சொன்னாங்க. டிராக்டரில் இரண்டு நடை கொண்டுவந்து தட்டினோம். தண்ணீர் கரும்பச்சையாக ஆச்சு. நல்ல சத்து ஏறுது என்று சந்தோஷப்பட்டோம்.

ஏழாம் மாதம். ஐப்பசி. மூன்று நாளாகச் சூரியனே தெரியவில்லை, ஒரே மூட்டம். நாலாம் நாள் விடியற்காலையில் தீவனம் போடப் போன அக்கா குட்டைக்கரையில் இருந்து போட்ட சத்தம் இன்னமும் என் காதுல இருக்கு. ஓடிப் போய்ப் பார்த்தால் தண்ணீர் முழுக்க மீன் வாய். மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது. என்ன செய்வதென்று தெரியாமல் கரையில் நின்று அழுதோம். எட்டு மணிக்கு வெள்ளை வெள்ளையாக வயிறு மேலே வந்துவிட்டது.

மீன் போனது ஒரு துக்கம். அதைவிடப் பெரிய வினை அதுக்கப்புறம் வந்தது. "யாரோ மருந்து கலந்துட்டாங்க" என்று ஒரு குரல். உடனே எல்லார் கண்ணும் ஒரே வீட்டுப் பக்கம் திரும்பினது. குத்தகை ஏலத்துல எங்களோடு போட்டி போட்டுத் தோற்ற வீடு. அந்த வீட்டு மருமகள் எங்கள் குழுவிலேயே உறுப்பினர்! அந்தத் தங்கச்சி அன்றைக்குக் கரையில எங்களோட நின்று அழுதவள். மதியத்துக்குள்ள அவளோடு பேச்சை நிறுத்திட்டோம். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க மனு கூடத் தயார். நானும் கையெழுத்துப் போட்டேன். அதை மறைக்காமல் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்தேன்.

மனு கொடுக்கும் முன்னால் மீன்வளத் துறையில் இருந்து ஒரு அம்மா வந்து பார்த்தாங்க. வந்ததும் நாலு கேள்வி கேட்டாங்க. எந்த நேரத்துல பார்த்தீங்க? மீன் கீழே கிடந்ததா, மேலே வந்து வாயைத் திறந்ததா? முதல்ல செத்தது பெரிசா, சின்னதா? தவளை, பாம்பு ஏதாவது செத்துக் கிடந்ததா?

விடியற்காலை. மேலே வந்தது. பெரிய மீன்தான் முதலில். தவளை நேற்று ராத்திரியும் கத்தினது, இன்றைக்கும் கத்துது.

அப்போ அந்த அம்மா குட்டையைக் காட்டினாங்க. ஓரத்துல ஒரு விரால், பக்கத்துல இன்னொன்று, நிம்மதியாக மேலே வந்து வாயை வைத்துக் காற்றை எடுத்துக்கொண்டு கீழே போகுது. "மருந்து கலந்திருந்தா இந்த விராலும் செத்திருக்கும். இது ஏன் சாகலை தெரியுமா? ஒரு அரிவாள்மணை கொண்டாங்க" என்றாங்க. எங்கள் முதல் வகுப்பு அரிவாள்மணையில்தான் நடந்தது. அன்றைக்குக் கேட்டதைத்தான் உங்களுக்குச் சொல்றேன்.

முதலில் செவுள். மீனுக்கு நம்மை மாதிரி நுரையீரல் இல்லை. வாய் வழியாகத் தண்ணீரை எடுத்து, செவுள் வழியாக வெளியே தள்ளும். செவுள் மூடிக்கு அடியில் சீப்பு மாதிரி அடுக்கடுக்காக இருக்கே, அதில் முழுக்க ரத்தம் ஓடுது, அதனால்தான் சிவப்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவை அந்த மெல்லிய தோல் இழுத்து ரத்தத்துக்குக் கொடுக்கும். மீனின் இதயம் செவுளுக்குக் கீழே தொண்டைப் பக்கத்துலதான் இருக்கு. ரத்தம் முதலில் செவுளுக்குப் போய்ச் சுத்தமாகி அப்புறம்தான் உடம்புக்குப் போகும்.

சரி, தண்ணீருக்குள்ள பிராணவாயு எங்கிருந்து வருது? காற்றில் இருந்து கொஞ்சம். பெரும்பங்கு பச்சைப் பாசியில் இருந்து. வெயில் அடிக்கும்போது பாசி பிராணவாயுவைக் கொடுக்கும். ராத்திரியில் அதே பாசி பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். மீனும் எடுக்கும். அடியில் அழுகும் சாணியும் எடுக்கும். அதனால் விடியற்காலையில்தான் குட்டையில் பிராணவாயு மிகக் குறைவு. மூன்று நாள் வெயிலே இல்லை. பாசி அதிகம், சாணி அதிகம், மீன் நாலு மடங்கு. இருந்த கொஞ்சமும் தீர்ந்துபோச்சு. பெரிய மீனுக்குத் தேவை அதிகம், அதனால் அது முதலில் போனது. விராலுக்குச் செவுளோடு, தலைக்குள் காற்றை நேரடியாக எடுத்துக்கொள்ள இன்னொரு அறை இருக்கு. அதனால் அது பிழைத்தது.

அதைக் கேட்டதும் கூட்டத்துல ஒரு சத்தம் இல்லை. யாரும் மருந்து கலக்கவில்லை. மூச்சு முட்டித்தான் மீன் செத்தது. முட்ட வைத்தது நாங்கள்.

இரண்டாவது, வாய். செத்துக் கிடந்ததில் மூன்று மீனை வரிசையாக வைத்தாங்க. கட்லாவுக்கு வாய் மேலே பார்த்திருக்கும், தலையும் பெரிசு. அது மேல்மட்டத்தில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளைத் தின்னும். ரோகுவுக்குக் கீழ் உதடு ஓரம் குஞ்சம் வைத்த மாதிரி இருக்கும். அது நடுத்தண்ணீரில் மேயும். மிர்காலுக்கு வாய் கீழ்ப்பக்கம். அது தரையில் மக்கினதைப் பொறுக்கும். ஒரே வீட்டில் மாடி, நடு அறை, கீழ் அறை என்று மூன்று குடும்பம் மாதிரி. ஒன்றின் சோற்றில் இன்னொன்று கை வைக்காது. அதனால்தான் மூன்றையும் சேர்த்து விடுகிறோம். வாயைப் பார்த்தாலே எந்தத் தீவனத்தை எங்கே போடணும் என்று தெரிந்துவிடும். விராலின் வாயைத் திறந்து காட்டினாங்க. பல். எங்கள் குஞ்சில் பாதி எங்கே போச்சு என்பதும் அப்போதான் புரிஞ்சது.

மூன்றாவது, வயிறு. வயிறு என்று சொன்னேனே, கெண்டை இனத்துக்கு வயிறே இல்லை! ரோகுவைக் கீறிப் பாருங்க, நீளமான குடல்தான் சுருள் சுருளாக வரும். இரைப்பை இல்லாததால் அதனால் சேர்த்து வைத்துத் தின்ன முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தின்னும். ஒரே நேரத்தில் கொட்டினால் மிச்சம் தரைக்குப் போய் அழுகும். அழுகினால் பிராணவாயு போகும். பாருங்க, எங்கே சுத்தினாலும் செவுளுக்கே வந்து நிற்குது. விராலுக்கு இரைப்பை உண்டு, குடல் குட்டை. கறி தின்னும் உயிருக்கு அப்படி.

குடலோரம் பச்சையாக இருக்கும் பித்தப்பை உங்களுக்குத் தெரியும். உடைந்தால் குழம்பே கசக்கும். மருந்து என்று சிலர் அதைப் பச்சையாக விழுங்குறாங்க. கெண்டை மீனின் பித்தம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதைச் செய்யாதீங்க, செய்யவும் விடாதீங்க.

நாலாவது, காற்றுப்பை. மீன் கழுவும்போது பிள்ளைகள் கேட்டு வாங்கி வெடிக்குமே, அந்த வெள்ளைப் பலூன். அது இருப்பதால்தான் மீன் மூழ்காமலும் மிதக்காமலும் நினைத்த ஆழத்தில் நிற்குது. குஞ்சு வாங்கும்போது சாய்ந்து, தள்ளாடி நீந்துவதை வாங்காதீங்க. ஒரு அகலமான பாத்திரத்தில் குஞ்சை விட்டுத் தண்ணீரைக் கையால் சுழற்றுங்க. நல்ல குஞ்சு சுழலை எதிர்த்து நீந்தும். சோனிக்குஞ்சு சுழலோடு போகும்.

ஐந்தாவது, தோல். கழுவும்போது சாம்பலோ உப்போ போட்டுத் தேய்த்து எடுக்கிறோமே அந்த வழவழப்பு, மீனுக்கு அதுதான் காவல். நோய்க்கிருமி உள்ளே போகாமல் காக்குது. காய்ந்த கையால் பிடித்தாலோ, முரட்டு வலையில் உரசினாலோ அது போய்விடும், செதிலும் பெயரும். அந்த இடத்தில் புண் வரும். அதனால் மாதிரி பார்க்கப் பிடிக்கும்போது கையை நனைத்துக்கொண்டு பிடியுங்க. பக்கவாட்டில் தலையில் இருந்து வால் வரைக்கும் புள்ளிபுள்ளியாக ஒரு கோடு போகும் பாருங்க. தண்ணீர் அசைவதை மீன் அதில்தான் உணருது. தினமும் ஒரே நேரம், ஒரே இடத்தில் தீவனம் வைத்தால் நம் காலடி அதிர்வு கேட்டே வந்து நிற்கும்.

கடைசியாக ஒன்று. மூளைக்கு அடியில் ரொம்பச் சின்னதாக ஒரு சுரப்பி இருக்கு. பிட்யூட்டரி என்று பெயர். கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் ஆற்று மீன்கள். தேங்கின தண்ணீரில் தானாக முட்டை போடாது. அந்தக் காலத்தில் வெள்ளத்தில் ஆற்றில் இருந்துதான் குஞ்சு அள்ளினாங்க, கூடவே கொள்ளை மீன் குஞ்சும் வந்துவிடும். 1957ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று, ஒடிசாவில் அங்குல் என்ற ஊரில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிஞரும் அவரோடு வேலை பார்த்த அலிகுஞ்ஞியும், அந்தச் சுரப்பியின் சாற்றை ஊசியில் ஏற்றிக் குளத்துக் கெண்டையை முட்டை இட வைத்தாங்க. அதனால்தான் இன்றைக்கு நமக்குக் குஞ்சு கிடைக்குது. ஜூலை 10தான் தேசிய மீன் விவசாயிகள் தினம். நாம் தலையோடு குழம்பில் போடுகிற ஒரு பொட்டுச் சுரப்பி, நாட்டுக்கே மீன் கொடுத்திருக்கு.

இனி, இரண்டாம் வருஷம் நாங்கள் செய்த முறை. எழுதிக்கொள்ளுங்க, கணக்கு 50 சென்ட் குட்டைக்கு.

கோடையில் குட்டையைத் தரை வெடிக்கும் வரை காயவிட்டோம். விராலும் கெளுத்தியும் போச்சு. காயவைக்க முடியாத குட்டை என்றால் இலுப்பைப் புண்ணாக்கு போடலாம். 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சென்ட்டுக்கு 10 கிலோ. அதன் நஞ்சு அடங்க 15 முதல் 20 நாள் ஆகும், அதன் பிறகுதான் குஞ்சு விடணும். அப்புறம் சுண்ணாம்பு, சென்ட்டுக்கு 1 கிலோ, ஆக 50 கிலோ. தண்ணீர் விட்டு, குஞ்சு விடுவதற்கு 15 நாள் முன்னால் பச்சைச் சாணி சென்ட்டுக்கு 10 கிலோ, ஆக 500 கிலோ. அதன் பிறகு 15 நாளுக்கு ஒரு தரம் 75 கிலோ, அதுவும் தண்ணீர் நிறம் பார்த்துத்தான். ஆழம் 5 அடிக்குக் குறையாமல் வைத்தோம்.

நிறம் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம். முழங்கை முழுகும் வரை கையைத் தண்ணீருக்குள் விடுங்க. உள்ளங்கை மங்கலாகத் தெரிந்தால் சரி. முழங்கை முழுகும் முன்னாலேயே உள்ளங்கை மறைந்துவிட்டால் பாசி அதிகம், சாணியை நிறுத்துங்க. தெளிவாகத் தெரிந்தால் சத்து போதாது, கொஞ்சம் சாணி போடலாம்.

குஞ்சு, சென்ட்டுக்கு 20தான். விரல் நீளக் குஞ்சு, 1,000. கட்லா 400, ரோகு 300, மிர்கால் 300. முதல் வருஷம் விட்ட 4,000 எங்கே, இது எங்கே! பையோடு குட்டையில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு குட்டைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் விட்டு, குஞ்சு தானாக நீந்தி வெளியே போகும்படி விட்டோம். வெயில் ஏறுமுன் காலையில் செய்யணும். ஆப்பிரிக்கக் கெளுத்தி சீக்கிரம் வளரும் என்று யாராவது கொண்டுவந்தால் வாங்காதீங்க. நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை இருக்கு, ஓடிப்போய் ஏரியில் விழுந்தால் நாட்டு மீனைத் தின்றுவிடும்.

தீவனம், தவிடும் கடலைப் புண்ணாக்கும் சரிபாதி. ஓட்டை போட்ட பையில் நிரப்பிக் கம்பில் கட்டித் தொங்கவிட்டோம். மீன் வேண்டிய மட்டும் முட்டித் தின்னும், வீணாகாது. மாதம் ஒரு முறை வீச்சு வலை போட்டு 20 மீன் எடுத்து நிறுத்தோம். 20 மீன் 4 கிலோ என்றால் ஒன்று 200 கிராம். 800 மீன் உயிரோடு இருக்குன்னு வைத்தால் 160 கிலோ. 100 கிலோ மீனுக்கு 3 கிலோ தீவனம் என்றால், ஒரு நாளைக்கு 4 கிலோ 800 கிராம். கூட்டப் பதிவேட்டில் சேமிப்பு, கடன் எழுதுகிற மாதிரி இதையும் எழுதினோம். மீனுக்குச் சொந்த உடம்புச்சூடு இல்லை, தண்ணீர்ச் சூடுதான் அதன் சூடு. மார்கழி, தை மாதக் குளிரில் குறைவாகத் தின்னும், தீவனத்தைக் குறைச்சோம். மூட்டம் போட்ட நாளில் தீவனமும் இல்லை, சாணியும் இல்லை.

முக்கியமானது, விடியற்காலைக் காவல். 12 பேரும் முறை போட்டுக்கொண்டோம், நாலரை மணிக்கு ஒருத்தர் கரையில். மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் உடனே மோட்டாரைப் போட்டு, தண்ணீரை உயரத்தில் இருந்து தெளித்தாற்போல விழ வைக்கணும். மோட்டார் இல்லையென்றால் இறங்கிக் கையால், மூங்கிலால் தண்ணீரை அடித்துக் கலக்குங்க. அந்த வருஷம் கார்த்திகையில் ஒரு நாள் அப்படி வந்தது. அன்றைக்கு முறை யாருடையது தெரியுமா? நாங்கள் பேச்சை நிறுத்தினோமே, அந்தத் தங்கச்சியோடது. அவள் வீட்டு எஞ்சினை அவள் மாமனாரே தள்ளிக்கொண்டு வந்து ஓட்டினார். ஒரு மீன் போகலை.

அவர்கள் வீட்டுக்கு நாங்கள் அதுக்கு முன்னாலேயே போயிருந்தோம். அரிவாள்மணை வகுப்பு நடந்த அன்று சாயங்காலமே, 11 பேரும். மனுவை அவர்கள் முன்னால் கிழித்தோம். அந்தப் பெரியவர் ஒன்றும் சொல்லலை, உட்காரச் சொன்னார். தங்கச்சி மட்டும், "என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா" என்றாள். அதுக்கு என்கிட்ட இன்றைக்கும் பதில் இல்லை.

பத்தாம் மாதம் வலை போட்டதில் 540 கிலோ வந்தது. கரையிலேயே விற்றோம். கடன் அடைஞ்சது. டீக்கடையில் இருந்தும் ஆள் வந்து வரிசையில் நின்று வாங்கினாங்க. செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்கினாங்க!

அக்காமாரே, தங்கச்சிமாரே, மீன் கழுவத்தான் தெரியும் என்று யாராவது சொன்னால் கோபப்படாதீங்க. ஆமாம், தெரியும் என்று சொல்லுங்க. செவுள், குடல், பித்தப்பை, காற்றுப்பை எல்லாம் உங்கள் கை அறிந்தது. அது எதுக்கு இருக்குன்னு மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்க. கடன் வாங்கும் முன்னால் மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ ஒரு நடை போங்க. தண்ணீரையும் மண்ணையும் காட்டிக் கேளுங்க. நஷ்டம் வந்தாலும், ஒருத்தரைக் கை காட்டும் முன்னால் செவுளைத் தூக்கிப் பாருங்க.

எங்கள் குட்டையைப் பார்க்க விரும்பும் குழுக்கள் கூட்டமைப்பில் சொல்லிவிட்டு வாங்க. விடியற்காலையில் வந்தால் நல்லது, அந்த நேரத்தில்தான் கற்றுக்கொள்ள நிறைய இருக்கு. சாப்பாடு எங்கள் பொறுப்பு, குழம்பு மீன் குழம்பு.